மடுத் திருநாளும் கொழும்புத் திருகும்

சவரிமுத்து மகன் மரியசெல்வம், தச்சர், திண்டுக்கல். பிறப்பு 1912, இறப்பு 1969.

ஐம்பத்தேழு ஆண்டு வாழ்வில் அவர் கடலைக் கடந்தது ஒரே ஒரு முறை. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மடு மாதா திருநாளுக்கென்று இலங்கைக்குப் போனார். ஊரிலிருந்து புறப்பட்ட யாத்திரிகர் பதினான்கு பேரில், திருநாளன்று மடுவில் இல்லாத ஒருவர் அவர்தாம். அன்று அவர் கொழும்பில், புறக்கோட்டையில், ஓர் இரும்புக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏன் அங்கே நின்றார் என்பதை விளங்கிக்கொள்ள இரண்டு ஆண்டு பின்னோக்கிப் போகவேண்டும்.

திண்டுக்கல் வட்டாரத்தில் தச்சு வேலை என்பது உட்கார்ந்து செய்யும் வேலை. பலகையைத் தரையில் கிடத்தி, ஒரு காலை மடித்து அதன்மேல் அமர்ந்து, மற்றக் காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் பலகையின் ஓரத்தைக் கவ்விக்கொள்வார்கள். ரம்பத்தைத் தம் பக்கம் இழுத்து அறுப்பார்கள். கால் அசையாமல் பிடித்தால்தான் கை நேராக ஓடும். தச்சனுக்கு மூன்று கைகள், மூன்றாவது கை காலில் இருக்கிறது என்று மரியசெல்வத்தின் தகப்பனார் சொல்வதுண்டு. சொல்வதோடு சரி, அதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. மூச்சு விடுவதை யார் யோசிக்கிறார்கள்?

1953 நவம்பரில் ஒரு மரக்கடையில் தேக்குத் துண்டம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, மழையில் நனைந்த முட்டு வழுக்கி, துண்டம் ஒன்று புரண்டு அவருடைய வலது முழங்காலில் மோதி நின்றது. கட்டு வைத்தியர் ஐந்து மாதம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மூட்டு இறுகிப்போயிற்று. கட்டை அவிழ்த்தபோது கால், கதவின் நிலைக்கால்போல நேராக நின்றது. நடக்கலாம், நிற்கலாம். மடக்க முடியாது.

மடக்க முடியாதவர் தரையில் உட்கார முடியாது. தரையில் உட்கார முடியாதவர் திண்டுக்கல்லில் தச்சராக இருக்க முடியாது. இதை ஊரார் யாரும் கொடுமையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல இயல்பாகச் சொன்னார்கள். கோவிலில் மெழுகுவர்த்தி விற்கலாம் என்றார் ஒருவர். தீப்பெட்டிக் கடை வைக்கலாம் என்றார் இன்னொருவர்.

மரியசெல்வம் எதையும் சோதித்துப் பாராமல் விடுகிற மனிதர் அல்லர். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிக்கொண்டு இழைத்துப் பார்த்தார், பலகை ஓடியது. இடது காலால் மட்டும் பிடித்துப் பார்த்தார். பலகையோடு தாமும் சாய்ந்தார். மைத்துனர் அந்தோணிமுத்து பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். பூட்டுக்காரர்கள் இரும்பைக் கவ்வ வைத்து அராவுகிற வைஸ் ஒன்றை அவர் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். அதன் பற்கள் மரத்தைக் கடித்தன. தோல் வைத்துக் கட்டினால் அகலமான பலகை நழுவியது. இரும்பைப் பிடிக்கிற வாய் மரத்தைப் பிடிக்காது என்று கண்டுகொண்டு, அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, மைத்துனரிடமே திருப்பிக் கொடுத்தார்.

பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப் நடத்திவந்த நூர் அகமது, புதுக் கிடங்கு ஒன்று கட்டத் திட்டமிட்டு, அதற்கு நான்கு பெரிய கதவுகள் செய்து தரும்படி விபத்துக்கு முன்பே மரியசெல்வத்திடம் சொல்லியிருந்தார். அந்தக் கதவுகளைத் தம்மால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு வர 1954 கடைசியில் ஒருநாள் அவர் தோல் ஷாப்புக்குப் போனார்.

நூர் அகமது அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேச்சுக்குப் பதிலாகக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அங்கே ஆறேழு பேர், இடுப்புயரத்தில் சாய்வாக நிறுத்திய வழவழப்பான மரத்தின்மேல் தோலைப் போர்த்தி, இருகைப் பிடி வைத்த கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் நின்றபடியே.

"பாத்தீகளா மேஸ்திரி? என் ஆளுக பொழுதன்னைக்கும் நின்னுக்கிட்டுத்தான் வேலை பாக்குறாக. கதவு செய்யிறதுக்கு முட்டியா வேணும்?"

"தோலு அதும்பாட்டுக்குக் கிடக்கும் பாய். பலகை கிடக்காதே. அதை யாரு புடிக்கிறது?"

"கொழும்புல எங்க மாமு கடைக்குப் பக்கத்துலயே ஒரு மரப்பட்டறை. அங்க ஒருத்தனும் உக்கார மாட்டான். மேசை போட்டு, மேசை ஓரத்துல ஒரு மர வைஸ். ரெண்டு கட்டை, நடுவுல ஒரு திருகு. ஒரு சுத்துச் சுத்துனா கழுகு புடிச்சாப்புல புடிச்சுக்கும். நான் கண்ணால பாத்தது."

"நம்ம பக்கம் கிடைக்குமா?"

"கேட்டுப் பாருங்க. நான் கதவை வேற ஆளுகிட்ட குடுக்கப் போறதில்ல. சுவரு எழும்பவே ஒரு வருசத்துக்கு மேல ஆகும். அது வரைக்கும் நீங்க முடியாதுன்னு சொன்னதா நான் கேட்டுக்கல."

மரியசெல்வம் மதுரைக்குப் போய்க் கடைகடையாகக் கேட்டார். சென்னைக்கு இரண்டு கடிதம் எழுதினார். சீமைச் சரக்கு வரத்து நின்று நாளாயிற்று, எப்போது வருமென்று சொல்வதற்கில்லை என்பதே எல்லா இடத்திலும் கிடைத்த விடை. கொழும்பில் இறக்குமதிக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை என்று நூர் அகமது சொன்னதை அவர் மனத்தில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டார்.

அதே காலத்தில் அவருடைய மனைவி ஆனந்தமேரி வேறொன்றை மனத்தில் வைத்திருந்தார். மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் தீராத நோய் தீரும் என்பது அவர் பிறந்த வீட்டு நம்பிக்கை. கணவரின் முழங்கால் மடங்க வேண்டுமென்று நேர்ந்து, பெருவிரல் நீளத்தில் வெள்ளியால் ஒரு கால் செய்வித்தார். ஆகஸ்டு பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாளன்று சொரூபத்தைப் பவனியாக எடுத்து வந்து ஆசீர் வழங்கும்போது, கால் நோவுக்காரரே தம் கையால் அதைக் காணிக்கையாக இட வேண்டும். நேர்த்தியின் விதி அதுதான். 1955இல் திண்டுக்கல்லிலிருந்து மடுவுக்கு ஒரு கூட்டம் புறப்படுகிறது என்று தெரிந்ததும், கணவரின் பெயரைக் கொடுத்தார். துணைக்குத் தம் அண்ணன் அந்தோணிமுத்துவையும் சேர்த்தார்.

மரியசெல்வம் மறுக்கவில்லை. கைவசமிருந்த தேக்குப் பலகைகளை விற்றார். மடுவுக்குப் போகக் கொடுத்த அனுமதிச் சீட்டை இருமுறை முழுவதும் படித்தார். கொழும்புக்குப் போகக் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதை மனைவியிடம் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று தமக்குத்தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டார். அந்த ஆறுதல் மண்டபம் ரயில் நிலையத்தைத் தாண்டும்வரைகூடத் தாங்கவில்லை.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் கப்பலில் அவருடைய கால் நடைபாதையின் குறுக்கே நீண்டு கிடந்தது. வருவோர் போவோரெல்லாம் அதைத் தாண்டினார்கள், சிலர் தடுக்கினார்கள்.

"மச்சான், உங்க காலுக்குத் தனி டிக்கெட் எடுத்திருக்கணும்," என்றார் அந்தோணிமுத்து. "திரும்பி வாரப்ப மடங்கிரும். அப்ப நான் செத்த நேரம் காலை நீட்டிக்கிறேன்."

புதன்கிழமை மடுவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காட்டின் நடுவே கோவில். மரத்துக்கு மரம் கூடாரம். நவநாள் செபம் காலையும் மாலையும் நடந்தது. மரியசெல்வம் இரண்டு நாள் ஒழுங்காகச் செபித்தார். வெள்ளிக்கிழமை மாலை, கூடாரத்துக்கு வெளியே காப்பி குடித்துக்கொண்டிருந்த மைத்துனரிடம் போய் நின்றார்.

"மாப்ளே, நான் கொழும்பு வரைக்கும் போயிட்டு வாரேன். நாளைக் காலையில போயிச் சேந்துருவேன். ஞாயித்துக்கிழமை திரும்பிருவேன். பவனிக்கு இங்கன இருப்பேன்."

"கொழும்புல என்ன?"

"ஒரு திருகு வாங்கணும்."

அந்தோணிமுத்துவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் குவளையைக் கீழே வைத்தார். "ஏன் மச்சான், மாதாகிட்ட முட்டியக் குடுன்னு கேக்க வந்துட்டு, முட்டி இல்லாம பொழைக்கிறதுக்குச் சாமான் வாங்கப் போறேங்கிறீக. அவுக பாத்தா என்ன நெனைப்பாக? இவனுக்கே நம்பிக்கை இல்ல, நாம எதுக்கு மெனக்கெடணும்னு இருக்க மாட்டாக?"

"அவுக யாரு மாப்ளே? தச்சன் பொண்டாட்டி. வீட்டுக்காரரு உளி வாங்கக் கடைக்குப் போறதெல்லாம் அவுகளுக்குப் புதுசா?"

அந்தோணிமுத்து சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே சிலுவை போட்டுக்கொண்டார். "இதை என் தங்கச்சிகிட்டச் சொல்லிப் பாருங்க, அவ சிரிக்கிறாளான்னு," என்றார்.

சனிக்கிழமை காலை மரியசெல்வம் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டைக்கு நடந்தார். ஐந்தாவது கடையில் அவர் கேட்டதைப் புரிந்துகொண்ட ஒருவர் கிடைத்தார். விற்பனையாளர் செபஸ்தியான், தூத்துக்குடிக்காரர். அவர் முதலில் எடுத்து வைத்தது இரும்பால் ஆன இழைப்புளி. பளபளவென்றிருந்தது. மரியசெல்வம் அதை ஒரு பலகைத் துண்டின்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, கழற்றித் தரச் சொல்லி, அதன் தகட்டை மட்டும் நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தத் தகடு மட்டும் தனியாக் குடுப்பீகளா? உடம்பை நான் மரத்துல செஞ்சுக்குவேன்."

அடுத்து ரம்பம். செபஸ்தியான் மேசைமேல் ஒரு கட்டையை வைத்து, "அறுத்துப் பாருங்க அண்ணாச்சி," என்றார். அப்போதுதான் அந்தச் சங்கடம் நேர்ந்தது. கட்டையைக் கண்டதும் மரியசெல்வத்தின் இடது கால், அவரைக் கேட்காமலே செருப்பை உதறிவிட்டு மேலெழுந்து, கடையின் கண்ணாடி மேசைமேல் ஏறிக் கட்டையின் ஓரத்தை விரல்களால் கவ்விக்கொண்டது. மடங்காத வலது காலில் அவர் கொக்குபோல நின்றார்.

"அண்ணாச்சி! அண்ணாச்சி! கண்ணாடி! காலை இறக்குங்க! முதலாளி பாத்தா என்னையத் தூக்கி வெளியே போட்டுருவாரு!"

உள்ளேயிருந்த முதலாளி பார்த்துவிட்டார். ஆனால் அவர் பார்த்தது மேசையை அன்று, காலை. பெருவிரல் தனியே விலகி, அதன் உட்பக்கம் தோல் தடித்திருந்த அந்தத் தச்சன் காலைக் கண்டதும் அவர் தலையாட்டிவிட்டுத் தம் கணக்குக்குத் திரும்பினார். மரியசெல்வம் வெட்கத்தோடு காலை இறக்கினார். செபஸ்தியான் கட்டையைக் கையால் பிடித்துக்கொள்ள, மறுபடி அறுத்தார். ரம்பம் சிக்கி நின்றது.

"இழுக்காதீங்க, தள்ளுங்க. இதுக்குப் பல்லு அந்தப் பக்கம் பாத்திருக்கு. நின்னு அறுக்கிறவனுக்கு உண்டான ரம்பம்."

தள்ளினார். கை கூசியது. நாற்பத்து மூன்று வயதில் இடது கையால் சோறு உண்ணச் சொன்னதுபோல இருந்தது. ஆனால் மரத்தூள் விழுந்தது.

கடைசியாக வைஸ். கடையில் முழு வைஸ் ஒன்று கண்காட்சிபோல வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கவே இருவர் வேண்டும். மரியசெல்வம் அதை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். இரண்டு கட்டைகளும் மரம். அவற்றைத் தாம் செய்யலாம். வழிகாட்டும் சட்டமும் மரம், அதையும் செய்யலாம். தம்மால் செய்ய முடியாதது நடுவில் ஓடிய திருகும் அது நுழையும் மரையும்தான்.

"இதுல திருகும் மரையும் மட்டும் வேணும்."

செபஸ்தியான் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "முதலாளி, இவரு சாமான் வாங்க வரல. சாமானுக்குள்ள இருக்கிற இரும்பை மட்டும் வாங்கிட்டுப் போக வந்திருக்காரு!"

திருகு மட்டும் தனியே வரும் சரக்கு உண்டு, ஆனால் அது துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் இருக்கிறது. சனிக்கிழமை அரை நாள், கிடங்குக்காரர் சாவியோடு போய்விட்டார். இனித் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று முதலாளி சொன்னார்.

திங்கட்கிழமை ஆகஸ்டு பதினைந்து.

செபஸ்தியான் கொச்சிக்கடையில் தாம் தங்கியிருந்த அறையில் அவருக்கு இடம் கொடுத்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் மரியசெல்வம் அந்தோனியார் கோவில் நிழலில் வெகு நேரம் நின்றார். மாலை வண்டியில் ஏறினால் விடியலில் மடு, பவனி, ஆசீர், வெள்ளிக்கால். திருகு கிடையாது. ஏறாவிட்டால் திருகு உண்டு, பவனி கிடையாது. செவ்வாய்க்கிழமைக் கப்பலில் எல்லோரும் ஊர் திரும்ப வேண்டும். மறுபடி ஒருமுறை இந்தக் கடலைக் கடப்போம் என்று எண்ண அவருக்கு வழியில்லை.

மூட்டு மடங்கிவிட்டால் திருகு தேவையில்லை. மடங்காமற்போனால், திருகு இல்லாமல் வீடு திரும்பிய குற்றம் தம்முடையது. எந்தப் பக்கம் நிறுத்தாலும் தட்டு சமமாகவே நின்றது. யோசித்தபடியே உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கையை விரித்துப் பார்த்தார். உளிப்பிடி பட்டு முப்பது ஆண்டில் ஏறியிருந்த காய்ப்பு, உரிந்து, மெலிந்து, எழுத்தர் கைபோல மிருதுவாகியிருந்தது. கால் போனது அவருக்கு ஒரே நொடியில் தெரிந்தது. கையும் போய்க்கொண்டிருப்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் மாலை வண்டிக்குப் போகவில்லை.

திங்களன்று விடியற்காலைத் திருநாள் பூசையைக் கொச்சிக்கடையிலேயே கண்டார். வெள்ளிக்கால் மடியில் இருந்தது. அதை அங்கே இட்டுவிடலாமே என்று செபஸ்தியான் கேட்டார். மடுவுக்கு என்று நேர்ந்ததை வேறு பீடத்தில் வைப்பது சரியல்ல என்று மரியசெல்வம் சொல்லிவிட்டார். ஒன்பது மணிக்குக் கடை வாசலில் நின்றார். திருகு வந்தது. ஒரு முழத்துக்குச் சற்று மேல் நீளம், பெருவிரலைவிடப் பருமன், மரையில் விட்டுச் சுழற்றினால் பட்டுபோல இறங்கிற்று. மடுவில் அந்நேரம் பவனி கோவிலைச் சுற்றி வந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அவர் அதையும், வாங்கிய தகட்டையும் ரம்பத்தையும் சேர்த்துச் சாக்கில் சுற்றினார்.

செவ்வாயன்று தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி மூட்டையை அவிழ்த்து, திருகைக் காட்டி, இது எந்த இயந்திரத்தின் உறுப்பு என்று கேட்டார்.

"இயந்திரத்தை இனிமேத்தான் செய்யணும்ங்கய்யா," என்றார் மரியசெல்வம்.

வீட்டுக்குள் நுழைந்ததும், சாப்பிட உட்காருமுன், நடந்ததை ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னார். வெள்ளிக்காலை எடுத்து அவர் கையில் வைத்தார். ஆனந்தமேரி கத்தவில்லை.

"அப்ப பவனியில நீங்க இல்ல."

"இல்ல."

"இருந்திருந்தா மடங்கியிருக்குமோ என்னமோ."

"இருக்கலாம்."

"இனி எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"தெரிஞ்சுக்க முடியாது மேரி."

ஆனந்தமேரி வெள்ளிக்காலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அன்று முதல் சோறும் வெஞ்சனமும் நேரத்துக்கு வந்தன, பேச்சும் வந்தது. ஆனால் கொல்லையிலிருந்த பட்டறைக் கொட்டகைப் பக்கம் அவர் பார்வை திரும்பவில்லை. அங்கே துவைத்த துணியைக்கூட உலர்த்தவில்லை.

மரியசெல்வம் பழைய வேப்ப உத்தரம் ஒன்றை வாங்கி மேசை செய்தார். வைஸின் இரண்டு கட்டைகளையும் கருவேல மரத்தில் செதுக்கினார். எவ்வளவு உயரத்துக்கு மேசை நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நின்று வேலை செய்த தச்சர் எவரையும் அவர் கண்டதில்லை. கொழும்பிலும் கடையைத்தான் பார்த்தார், பட்டறையைப் பார்க்கவில்லை. ஆகவே வைஸ் முன் நின்று வேலை செய்கிறவராகத் தமக்குத் தெரிந்த ஒரே மனிதரிடம் கேட்டார்.

"முழங்கை உசரம்," என்றார் அந்தோணிமுத்து, தயங்காமல். "கையை மடக்குனா முழங்கை எங்க நிக்குதோ அங்கதான் வைஸ் நிக்கணும். எங்கப்பன் காலத்துல இருந்து எல்லாப் பூட்டுப் பட்டறையிலயும் அதுதான் அளவு. கண்ணை மூடிக்கிட்டுச் செய்ங்க."

கண்ணை மூடிக்கொண்டே செய்தார். திருகு ஒரு குறையும் வைக்கவில்லை. பலகையைக் கவ்வினால் கல்லில் பதித்ததுபோல நின்றது. ஆனால் இழைப்பு வரவில்லை. பத்துத் தள்ளுக்குள் தோள் கடுத்தது. பலகை மேடும் பள்ளமுமாக, காற்றடித்த குளம்போல ஆயிற்று. கை பழகவில்லை என்று எண்ணி ஐந்து மாதம் பழகினார். இரவில் தோளுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி மனைவியைக் கேட்கவும் வாய் வரவில்லை. பவனியில் நின்றிருக்கலாமே என்று ஆனந்தமேரி சொல்லாமல் விட்டது இருவருக்கும் தெரிந்தேயிருந்தது.

1956 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கிய வாரம், நூர் அகமது சொல்லி அனுப்பினார். கிடங்குச் சுவர் மேல்மட்டம் வந்துவிட்டது, நிலையின் அளவெடுக்க வரலாம் என்று. மரியசெல்வம் இழைப்புளியைக் கீழே வைத்தார். கொல்லையில் ஆனந்தமேரி உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு பேகம்பூரு போயிட்டு வாரேன். பாய்கிட்ட முடியாதுன்னு சொல்லிரணும். அவரு இன்னும் எம்புட்டு நாளைக்குக் காத்திருப்பாரு?"

உலக்கை நின்றது. ஆனந்தமேரி நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தார். பிறகு, ஆறு மாதத்தில் முதன்முறையாக, கொட்டகைக்குள் வந்தார்.

"இழைங்க, பாப்போம்."

இழைத்தார். மனைவி சுற்றி வந்து, அவருடைய தோளைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"இந்த உசரம் யாரு சொன்னது?"

"உங்க அண்ணந்தான்."

"அவரு அரத்தை வச்சுப் பூப்போலத் தேய்க்கிறவரு. கண்ணுக்குக் கிட்டத்துல இருக்கணும் அவருக்கு. நீங்க பாரம் போட்டுத் தள்ளுறவரு. ரெண்டும் ஒண்ணா?" கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். "என் உரலு எம்புட்டு உசரம்? முட்டி உசரம். அதைத் தூக்கி நெஞ்சு உசரத்துல வச்சா நான் எப்படிக் குத்த? உலக்கை என் கையாலயா இறங்குது? மேலு முழுக்க இறங்குதுல்ல. உக்காந்து இழைச்சப்ப உங்க மேலு பலகைக்கு மேலதான இருந்துச்சு? இப்ப பலகை உங்க மாருக்கு நேரா நிக்குது. அது எப்படி இறங்கும்?"

மரியசெல்வம் கையைத் தொங்கவிட்டு மேசையருகில் நின்றார். மணிக்கட்டு எங்கே வருகிறது என்று பார்த்தார். கரித்துண்டால் மேசையின் கால் ஒன்றில் கோடிட்டார். அதிலிருந்து மேலே சாண் போட்டு அளந்தார். சரியாக ஒரு சாண் மிகை.

மேசையைக் கவிழ்த்தார்கள். மேசையின் காலையே அறுக்கும்போது அதைக் கவ்வ வைஸ் உதவாது. ஆனந்தமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டார். மரியசெல்வம் கொழும்பு ரம்பத்தைத் தள்ளித் தள்ளி அறுத்தார். நான்கு துண்டு விழுந்தது. மேசையை நிமிர்த்திப் பலகையை மாட்டி இழைப்புளியைத் தள்ளியபோது, பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாத ஒரே சுருளாகச் சீவல் எழுந்து வந்தது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே கனம்.

"கம்பு காயுது," என்று ஆனந்தமேரி வெளியே போய்விட்டார்.

சித்திரை முடிவதற்குள் நான்கு கதவுகளும் மாட்டப்பட்டன. நூர் அகமது ஒவ்வொரு கதவையும் ஒற்றை விரலால் தள்ளித் திறந்தார், ஒற்றை விரலால் இழுத்துச் சாத்தினார். "மேஸ்திரி, முடியாதுன்னு ஒருத்தர் என்கிட்ட வந்து சொன்னாரு. அவரைப் பாத்தா நான் சலாம் சொன்னதாச் சொல்லுங்க," என்றார்.

அதன்பின் ஊரில் அவருக்கு 'நின்ன மேஸ்திரி' என்று பெயர் நிலைத்தது. சித்தையன்கோட்டையிலிருந்தும் கன்னிவாடியிலிருந்தும் வேலை கொடுக்க வந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே வீட்டை விசாரித்தார்கள். மேசையைப் பார்க்கத் தச்சர்களும் வந்தார்கள், திருகைச் சுற்றிப் பார்த்தார்கள், வியந்தார்கள், போய்த் தத்தம் பட்டறையில் சம்மணமிட்டு அமர்ந்து பலகையைக் காலால் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கால் மடங்கியது. அவர்களுக்கு எதற்கு மேசை?

1957 ஆகஸ்டில் மடுவுக்கு மறுபடி ஒரு கூட்டம் புறப்பட்டபோது, ஆனந்தமேரி தம் பெயரைக் கொடுத்தார். பெட்டியைத் திறந்து, துணிமுடிச்சை எடுத்தார். வெள்ளிக்கால் கறுத்திருந்தது. அடுப்புச் சாம்பலில் தேய்த்துத் துலக்கிக்கொண்டிருந்தவரைக் கணவர் நின்று பார்த்தார்.

"அதை எதுக்குக் கொண்டு போற? கேட்டதுதான் கிடைக்கலியே. கால் மடங்கல."

"மடங்காட்டி என்ன? நிக்குதுல்ல."

"என் கையால இடணும்னு நேந்தே."

"நேந்தவ நான். மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பவனியில் ஆனந்தமேரி அதைத் தம் கையாலேயே இட்டுவிட்டு வந்தார். ஆசீர்வேளையில் மூட்டு மடங்கியிருக்குமா என்ற கேள்வியை அவர்கள் இருவரும் பின்னர் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மரியசெல்வம் மட்டும், ஆண்டுதோறும் ஆகஸ்டு பதினைந்தன்று மேசையைத் தொடுவதில்லை. காலையில் சூசையப்பர் கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு, மடுவில் பவனி நடக்கும் நேரம் முழுதும் அங்கேயே சுவரோரமாக நின்றுவிட்டு வருவார். உட்கார இடமிருந்தாலும் நிற்பார்.

பதின்மூன்று ஆண்டு அந்த மேசையில் வேலை செய்தார். இரண்டு முறை கருவேலக் கட்டைகள் தேய்ந்து மாற்றப்பட்டன. திருகை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1969ஆம் ஆண்டு கோடையில் நெஞ்சுவலி கண்டு, பெரிய வேலைகளை விட்டுவிட்டார். ஆயக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள், தோப்பில் கொய்யா பறிக்க ஏணி ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தாள். அதை மட்டும் ஒரு நாளைக்கு ஒரு படியாகச் செய்துவந்தார்.

1969 ஆகஸ்டு 9, சனிக்கிழமை மாலை, ஏணியின் பதினொன்றாவது படியை இழைத்து முடித்து, வைஸைத் தளர்த்தி, திருகைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசினார். மறுநாள் பன்னிரண்டாவது படியை இழைக்க அவர் உயிரோடு இல்லை.